மூட்டுவலியைப் புரிந்துகொள்வோம்



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு மாதம் ஒருமுறை ஜும்ஆவுக்குப் பிறகு கூடி, வந்திருக்கும் மனுக்களைப் பார்ப்பது வழக்கம். இதய அறுவைச் சிகிச்சை, டயாலிசிஸ், புற்றுநோய் என்று வரும் மனுக்களைப் பார்த்தவுடனே எங்கள் மனம் பதறும். ஆனால் எண்ணிக்கையில் அதிகம் வருபவை அவை அல்ல. "முட்டுவலி", "கைகால் குடைச்சல்", "இடுப்பு, முழங்கால் தேய்மானம்" என்று எழுதப்பட்ட சிறிய மனுக்கள்தான் அதிகம். முந்நூறு ரூபாய், ஐந்நூறு ரூபாய் என்று சிறு தொகை கேட்பார்கள். பெரும்பாலும் உம்மாமார்கள், மாமிமார்கள். இவற்றை நாங்கள் அதிகம் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம்.

அப்படி யோசிக்காமல் கையெழுத்துப் போட்டதில் ஒரு தவறு நடந்துவிட்டது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு சகோதரி. அப்போது வயது முப்பத்தாறு. இரண்டு கைவிரல் கணுக்களும் வீங்கியிருக்கின்றன, காலையில் விரலை மடக்க முடியவில்லை, இலை நறுக்கக் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை என்று வந்தார். மருந்துக்கடை பில்லையும் கொண்டுவந்தார். பாவம் என்று மாதாமாதம் அந்த பில்லுக்குப் பணம் கொடுத்தோம். இரண்டு வருடத்துக்கு மேல் கொடுத்தோம். அந்த மாத்திரையைப் போட்டால் அவருக்கு அன்றைக்கு வேலை ஓடும். உதவி செய்கிறோம் என்ற நிம்மதி எங்களுக்கும் இருந்தது.

பிறகு முகமும் காலும் வீங்கி அவரை அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. விரல்கள் அதற்குள் கோணிப்போயிருந்தன. பழைய பில்களைப் பார்த்த மருத்துவர், "இத்தனை வருடம் வெறும் வலி மாத்திரையை யார் வாங்கிக் கொடுத்தது?" என்று கேட்டாராம். வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான். அவருக்கு வந்திருந்தது முடக்குவாதம். ஆரம்பத்திலேயே சரியான மருத்துவரிடம் அனுப்பியிருந்தால் விரல்களையும் சிறுநீரகத்தையும் பெருமளவு காப்பாற்றியிருக்கலாம். கொடுத்த பணமும் வீண். கொடுத்ததே தீங்காகவும் ஆகிவிட்டது. அந்தச் சகோதரியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். இதை எழுதுவதற்கு அவர் சம்மதமும் தந்தார். "இன்னொரு பிள்ளைக்கு இப்படி ஆகக் கூடாது" என்பதே அவர் சொன்ன காரணம்.

அதற்குப் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நாங்கள் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். வீட்டில் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எல்லா மூட்டுவலியும் ஒன்றல்ல

நாம் பொதுவாக "வாதம்", "வாயு", "தேய்மானம்" என்று எதையாவது ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆங்கில மருத்துவத்தில் ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்வது ஒரு நோய் அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டு நோய்களுக்கான பொதுப்பெயர். நம் வீடுகளில் அதிகம் காணப்படுபவை மூன்று. இந்த மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

முதலாவது, மூட்டுத் தேய்மானம். ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். எலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு ஒன்று மெத்தைபோல இருக்கிறது. வயது, உடல் எடை, பழைய அடி, குடும்ப வழி என்று பல காரணங்களால் அது மெலிந்து, சுற்றியுள்ள எலும்பும் தசையும் சவ்வும் பாதிக்கப்படுகின்றன. முழங்கால், இடுப்பு, கைவிரல் நுனிக் கணுக்களில் அதிகம் வரும். நடந்தால், படி ஏறினால் வலிக்கும். ஓய்வு எடுத்தால் குறையும். காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம்.

இரண்டாவது, முடக்குவாதம். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பது இதுதான். இது தேய்மானம் அல்ல. நம் உடம்பைக் கிருமிகளிடமிருந்து காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, வழிதவறி நம் மூட்டுச் சவ்வையே தாக்குகிறது. இளம் வயதிலும் நடு வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். கைவிரல், மணிக்கட்டு, பாதத்தின் சிறு மூட்டுகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். வேலை செய்யச் செய்யக் கொஞ்சம் இளகும், ஓய்வில் மறுபடி இறுகும். அசதி, இலேசான காய்ச்சல், இரத்தச்சோகை ஆகியவையும் சேர்ந்து வரும். நுரையீரல், கண், இதயம் வரைக்கும் இது போகக்கூடியது. ஆகவே இதை வெறும் கைவலி என்று நினைக்கக் கூடாது.

மூன்றாவது, யூரிக் ஆசிட் வாதம். கவுட் என்பார்கள். இரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி, ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் தங்கிவிடும். பெரும்பாலும் நடு இரவில், கால் பெருவிரல் அடியில், நெருப்பு வைத்ததுபோல வலி கிளம்பும். போர்வை பட்டால்கூடத் தாங்காது. ஆண்களுக்கு அதிகம். சில நாளில் தானாக அடங்கிவிடுவதால், சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். உள்ளே படிகம் அப்படியே இருக்கும்; மறுபடி வரும்.

இவை தவிர, சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகு வரும் மூட்டுவலியும் நமக்குப் பழக்கமானதே. 2006-இல் தமிழ்நாடு முழுவதும் அந்தக் காய்ச்சல் பரவியபோது வீட்டுக்கு வீடு ஆட்கள் குனிந்து நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நோய் முதலில் கண்டறியப்பட்ட டான்சானியா நாட்டு மக்களின் மொழியில் அந்தப் பெயருக்கே "வளைந்து குனிய வைப்பது" என்றுதான் பொருள். காய்ச்சல் ஒரு வாரத்தில் போனாலும் மூட்டுவலி பலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு வருடக்கணக்கிலும் நின்றது. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவால் அது பரவுகிறது. ஆகவே தொட்டியையும் டிரம்மையும் மூடி வைப்பதும் ஒரு வகையில் மூட்டைக் காக்கும் காரியம்தான்.

குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும். ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வீங்கியிருந்தாலோ, காலையில் பிள்ளை நொண்டி நடந்தாலோ "வளர்ச்சி வலி" என்று விட்டுவிடாதீர்கள். இந்த நோய் சில பிள்ளைகளின் கண்ணைச் சத்தமில்லாமல் பாதிக்கும். அதனால் கண் பரிசோதனையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

இது ஏன் ஊர்ப் பிரச்சினை?

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவுத் அறிவிப்பு செய்யும்போது, இன்னார் மூட்டுவலியால் இறந்தார் என்று யாரும் சொல்வதில்லை. உயிரை எடுக்காத நோய் என்பதால் இதை நாம் நோயாகவே எண்ணுவதில்லை. ஆனால் பொதுச் சுகாதாரத்தை மரணங்களை வைத்து மட்டும் அளப்பதில்லை. எத்தனை பேர் எத்தனை வருடம் இயங்க முடியாமல் வாழ்கிறார்கள் என்பதும் கணக்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-இல் உலகில் ஏறத்தாழ 52 கோடியே 80 இலட்சம் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. 1990-ஐ ஒப்பிட்டால் இது இரண்டு மடங்கிற்கும் மேல். இவர்களில் சுமார் 60 சதவீதம் பெண்கள். அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால். அதே 2019-இல் முடக்குவாதம் இருந்தவர்கள் சுமார் 1 கோடியே 80 இலட்சம் பேர். அதில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள். மனிதர்கள் வயதாகி நீண்ட நாள் வாழ்வதும், உடல் எடை கூடுவதும் இந்த எண்ணிக்கை ஏறக் காரணங்கள்.

இந்தக் கணக்கை நம் தெருவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். முழங்கால் வலிக்கிறது என்று ஒரு உம்மா நடப்பதை நிறுத்துகிறார். நடக்காததால் எடை கூடுகிறது. எடை கூடியதால் வலி கூடுகிறது. ஏற்கெனவே இருந்த சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்கு மீறுகின்றன. தரையில் உட்கார்ந்து எழ முடியாமல், கழிப்பறைக்குப் போவதற்கு அஞ்சி, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். கல்யாண வீட்டுக்கும், மவுத் வீட்டுக்கும் போக முடியாமல் அறைக்குள் ஒடுங்குகிறார். மனமும் ஒடுங்குகிறது. வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று பேத்தியின் படிப்பு நிற்கிறது. ஒருவருடைய முழங்கால், மூன்று தலைமுறையைப் பிடித்து இழுக்கிறது.

கைத்தொழில் செய்கிறவர்களுக்கு இழப்பு இன்னும் நேரடியானது. பீடி சுற்றுகிறவருக்கும், பாய் முடைகிறவருக்கும், தையல் தைக்கிறவருக்கும் விரல்தான் முதலீடு. விரல் மடங்கவில்லை என்றால் அன்றைய கூலி இல்லை. மாதாந்திர மருந்துச் செலவும் அந்தக் குறைந்த கூலியிலிருந்துதான் போகிறது. ஸகாத் கொடுத்துக்கொண்டிருந்த குடும்பம் வாங்கும் நிலைக்கு வந்ததை நாங்களே பார்த்திருக்கிறோம்.

செட் மாத்திரையும் பெயரில்லாப் பொடியும்

நம் ஊர்ப் பழக்கங்களில் அபாயமானது இதுதான். "முட்டுவலிக்கு ஒரு செட் கொடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்டால், அட்டையிலிருந்து வெட்டிய நாலு மாத்திரை தாளில் மடித்து வரும். அதில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணி ஒன்று இருக்கும். சில நேரம் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும்.

வலி நிவாரணியை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குப் போடுவதில் தவறில்லை. மாதக்கணக்கில் நாமாகப் போட்டால் வயிற்றில் புண்ணும் இரத்தக்கசிவும் வரலாம், சிறுநீரகம் கெடலாம், இரத்த அழுத்தம் ஏறலாம், இதயத்துக்கும் கேடு. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம்.

ஸ்டீராய்டு ஒரு நாளிலேயே வலியை விரட்டிவிடும். அதனால்தான் அதைக் கொடுப்பவர் கைராசிக்காரர் ஆகிவிடுகிறார். நாளாக நாளாக முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும், தொற்றுநோய் எளிதில் பற்றும். நீண்ட நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. அப்படிச் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சந்தையிலும், வீடு தேடியும் விற்கப்படும் பெயரில்லாத பொடி, லேகியங்களிலும் இதே ஸ்டீராய்டு கலந்திருப்பது பல சோதனைகளில் வெளிவந்த விஷயம். சித்தா, யுனானி மருத்துவத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. அதற்கென்று படித்துப் பட்டம் பெற்று அரசு மருத்துவமனையிலேயே பணி செய்யும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்; அவர்களிடம் போகலாம். பெயரும் சேர்மானமும் எழுதாத எந்தப் பொட்டலத்தையும் வாங்காதீர்கள்.

முடக்குவாதத்தில் நாள்தான் முக்கியம்

முடக்குவாதத்தை அடியோடு போக்கும் மருந்து இல்லை. ஆனால் அதை அடக்கி வைத்து, மூட்டு கோணாமல் காக்கும் மருந்துகள் பல வருடங்களாக இருக்கின்றன. நோய் தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அவற்றைத் தொடங்கினால் பலன் அதிகம். ஒருமுறை கோணிய மூட்டை மருந்தால் நிமிர்த்த முடியாது. அந்தச் சகோதரிக்கு நாங்கள் இழக்க வைத்தது இந்த மாதங்களைத்தான்.

இதற்கு அதிகம் கொடுக்கப்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். விலை அதிகமில்லை. ஆனால் மிகக் கவனமாகச் சாப்பிட வேண்டிய மருந்து. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கிழமையைக் குறித்துக் காலண்டரில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற மாத்திரைகளோடு கலந்து வைக்காதீர்கள். பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் தருவார்கள். சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் இதைச் சாப்பிடக் கூடாது. புதிதாகத் திருமணமான பெண்ணுக்கு இந்த நோய் இருந்தால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாற்று மருந்துகள் உண்டு.

பெண்ணுக்கு மூட்டுவாதம் என்று தெரிந்தால் வரன் கலைந்துவிடும் என்று பயந்து மருத்துவரிடம் காட்டாத பெற்றோரும் நம் ஊரில் இருக்கிறார்கள். சிகிச்சையில் இருக்கும் பெண் வேலை பார்க்கலாம், பிள்ளை பெறலாம். மறைத்து வைத்தால் கை கோணிய பிறகு எல்லாருக்கும் தெரியத்தான் போகிறது.

இன்னொன்று. ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற இரத்தப் பரிசோதனையில் "நெகட்டிவ்" என்று வந்ததாலேயே முடக்குவாதம் இல்லை என்று ஆகிவிடாது. நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்கு நெகட்டிவாகவே வரும். நோயே இல்லாத சிலருக்குப் பாசிட்டிவாகவும் வரும். லேப் தாளை வைத்து நாமே முடிவு செய்ய வேண்டாம். வீங்கிய மூட்டைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும். புகைபிடிப்பது இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வந்த நோயை முற்றவும் வைக்கிறது. ஆண்கள் கவனிக்க வேண்டும்.

தேய்மானத்துக்கு வீட்டிலேயே மருந்து உண்டு

தேய்மானம் என்று மருத்துவர் சொன்னதும் "இனி நடக்கவே கூடாது" என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மை நேர்மாறானது. குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டம் இல்லை. மூட்டு அசையும்போது உள்ளே சுரக்கும் திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் எடுக்கிறது. அசையாத மூட்டு இன்னும் கெடும். தொடைத் தசை பலமாக இருந்தால் முழங்காலுக்கு வரும் சுமையை அது பங்கிட்டுக்கொள்ளும்.

வீட்டில் செய்ய எளிய பயிற்சி ஒன்று: உறுதியான நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை மெதுவாக நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். மூச்சை அடக்க வேண்டாம். பயிற்சிக்குப் பின் கொஞ்சம் வலிப்பது இயல்பு. இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வலி கூடுதலாக நின்றால் மறுநாள் எண்ணிக்கையைக் குறையுங்கள். நடைக்குச் சமதளமான இடம் நல்லது. பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஃபஜ்ருக்குப் பிறகு நடந்தால் விட்டுப்போகாது.

எடை விஷயத்தில் ஒரு கணக்கு தெரிந்துகொள்ளுங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் இறங்கும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ லாபம். விருந்தில் இரண்டாவது முறை பிரியாணி வாங்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம்.

யூரிக் ஆசிட் உள்ளவர்கள் ஈரல், குடல் போன்ற உள்ளுறுப்புக் கறி, ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, மத்தி, நெத்திலி ஆகியவற்றின் அளவைக் குறைக்க வேண்டும். பாட்டில் குளிர்பானங்களும் யூரிக் ஆசிட்டைக் கூட்டும் என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆனால் பத்தியம் மட்டும் போதாது. மருத்துவர் அல்லோபியூரினால் போன்ற மருந்தைத் தொடர்ந்து சாப்பிடச் சொன்னால், வலி இல்லாத நாளிலும் சாப்பிட வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி இறைச்சி வந்த வாரத்தில் இதை வீட்டார் ஞாபகப்படுத்துங்கள்.

வீட்டு அமைப்பிலும் சிறு மாற்றம் பெரிய உதவி. கழிப்பறையில் மேற்கத்திய இருக்கை வைப்பது, சுவரில் பிடிக்கக் கம்பி பதிப்பது, அடுப்பு வேலையையும் பீடி வேலையையும் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றுவது, ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்காராமல் இடையிடையே எழுந்து நடப்பது. இவற்றுக்கு ஆகும் செலவு சில மாத மாத்திரைச் செலவுக்குள் அடங்கிவிடும்.

தொழுகையும் நோன்பும்

முழங்கால் மடங்காததால் தொழுகையில் குறை வந்துவிட்டதாக வருந்தி அழும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு ஸுஜூது செய்து, எழ முடியாமல் விழுந்தவர்களும் உண்டு. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. இது குறை அல்ல, சலுகை. அதே நேரம், எது முடியுமோ அதை விட்டுவிடவும் கூடாது. நிற்க முடியும், ஸுஜூது மட்டும் முடியாது என்பவர் எப்படித் தொழுவது என்பதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளிடையே வேறுபாடு இருக்கிறது. நம் இமாமிடம் உங்கள் நிலையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியில் தொழுபவரை இளைஞர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பதையும் நிறுத்த வேண்டும்.

ரமலானில், மருந்து எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பல மருந்துகளை இஃப்தாருக்கும் சஹருக்கும் மாற்றிக்கொள்ள முடியும். தண்ணீர் குறைந்திருக்கும் உடம்பில், வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு.

உடனே போக வேண்டிய நேரம்

ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் குளிரும் இருந்தால் அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்ணெய் தடவி, கட்டுக் கட்டிக் காத்திருக்கக் கூடாது. இரண்டு கைவிரல் கணுக்களும் வீங்கிக் காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல், ஆறு வாரமாக இருந்தால் மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும். நாற்பது வயதுக்குக் கீழுள்ள இளைஞருக்கு மூன்று மாதத்துக்கு மேல் கீழ்முதுகு வலி இருந்து, படுத்தால் கூடி, நடந்தால் குறைகிறது என்றால் அதுவும் மூட்டுவாதத்தின் ஒரு வகையாக இருக்கலாம். வலி மாத்திரை சாப்பிடுபவருக்கு மலம் கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் குறைந்து கால் வீங்கினாலோ தாமதிக்காதீர்கள்.

எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் வேறு, மூட்டுவாத மருத்துவர் வேறு. பின்னவரை ருமட்டாலஜிஸ்ட் என்பார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குப் போய்க் காட்டினால், தேவைப்படும் இடத்துக்கு அனுப்புவார்கள்.

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை

எல்லா முழங்கால் வலிக்கும் அறுவைச் சிகிச்சை தேவையில்லை. பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து எல்லாம் செய்தும் இரவுத் தூக்கமே போய், நடமாட்டம் நின்றவருக்கு அது நல்ல பலன் தரும். பொருத்தும் செயற்கை மூட்டு பெரும்பாலும் 15 முதல் 20 வருடம் வரை, பலருக்கு அதற்கு மேலும் உழைக்கும். சிகிச்சைக்குப் பின் பயிற்சி செய்யாவிட்டால் செலவழித்தது வீண். முன்போலத் தரையில் சம்மணமிட்டு உட்காருவது பலருக்கு இயலாது என்பதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. ஆகவே தனியார் மருத்துவமனையில் செய்கிறவர்கள், மூட்டுக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக பில் கேட்டு வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், கடன் வாங்குவதற்கு முன் அட்டையோடு அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். நகையை அடகு வைத்துவிட்டுப் பிறகு அட்டை ஞாபகம் வந்தவர்கள் நம் ஊரில் உண்டு. நடக்க முடியாமல் வீட்டில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித்தருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பீடித் தொழிலாளர் அட்டை வைத்திருப்பவர்கள், பீடித் தொழிலாளர் நல மருந்தகத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

நடந்த தவறுக்குப் பிறகு குழுவில் சில முடிவுகள் எடுத்தோம். மருத்துவர் சீட்டு இல்லாத வலி மாத்திரை பில்லுக்கு இனிப் பணம் இல்லை. அதற்குப் பதிலாக மருத்துவமனைக்குப் போய்வரப் பயணச் செலவும், தேவைப்பட்டால் துணைக்கு ஒரு பெண்ணையும் அனுப்புகிறோம். மூன்று மாதத்துக்கு மேல் ஒரே மருந்துக்கு உதவி கேட்டால், சமீபத்திய சீட்டையும் இரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்த்த பிறகே புதுப்பிக்கிறோம். இதைக் கடுமை என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் கேட்டதைக் கொடுத்துவிடுவது மட்டும் உதவி ஆகாது என்பதை ஒரு சகோதரியின் கைகளைப் பார்த்துத்தான் நாங்கள் படித்தோம்.

அந்தச் சகோதரி இப்போது மூட்டுவாதப் பிரிவில் சிகிச்சையில் இருக்கிறார். வீக்கம் குறைந்திருக்கிறது. சிறுநீரகம் மேலும் கெடாமல் நிற்கிறது, அல்ஹம்துலில்லாஹ். விரல்கள் நிமிரவில்லை. பீடி சுற்ற முடியாது. அவர் மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்காமல் இருக்க, படிப்புச் செலவை அறக்கட்டளை ஏற்றிருக்கிறது.

ஒவ்வொரு குடும்பத்திடமும் நாங்கள் கேட்பது சிறியது. இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும், வீட்டிலுள்ள உம்மாவிடம், மனைவியிடம், மருமகளிடம் கேளுங்கள்: "காலையில் எழுந்ததும் கை மடக்க முடிகிறதா? எவ்வளவு நேரம் இறுக்கமாக இருக்கிறது? என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?" பெரும்பாலான பெண்கள் கேட்காமல் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள். அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வழி தெரியாவிட்டால் அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், கூட வருகிறோம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்,
மருத்துவ உதவிக் குழுவிற்காக